வைத்தியன் வேண்டாம் என்றான் டூரே

எங்கள் யேவ்லே ஊர் பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறவன் டூரே. ஞாயிறு மதியமானால் எங்களோடு உட்கார்ந்து வைத்தியனாகிவிடுவான். பதினோரு வருஷமாக அப்படித்தான். நிஜ வைத்தியன் இல்லை; நூலகத்தின் கீழ் அறையில் நாங்கள் ஐந்து பேர் ஆடுகிற கதை விளையாட்டில். உல்ஃப் கதையை நடத்துவான். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டி, பூதங்களோடு மல்லுக்கட்டுவோம். வாள்வீரன், திருடி, மந்திரவாதி என்றால் எங்களுக்குள் அடிதடியே நடக்கும். வைத்தியனை மட்டும் ஒருத்தரும் சீண்ட மாட்டோம். பின்னால் நின்று அடிபட்டவனுக்கு மந்திரம் போடுகிற வேலை யாருக்கு வேண்டும்? அது டூரே தலையில் விழும். "எனக்கு எதுன்னாலும் சரி" என்பான். வீட்டில் தனி ஆள், அதிகம் பேசமாட்டான். அவன் சொன்னதை நாங்களும் நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது.

போன அக்டோபரில் மூன்று வாரம் அவன் வரவில்லை. ஒருவர் வராவிட்டால் அவர் பாத்திரத்தைப் பக்கத்தில் இருப்பவர் ஆடுவது எங்கள் வழக்கம். நான்தான் ஆடினேன். காயம் ஆறியது, கதை நகர்ந்தது. அறை இலவசமாகக் கிடைக்க வேண்டுமானால் வாராவாரம் ஐந்து பேர் வந்ததாக வருகைத்தாளில் குறி இருக்க வேண்டும். உல்ஃப் அவன் பெயருக்கும் குறி போட்டுவிட்டான்.

நான்காவது வாரம் வந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வருகைத்தாளை வெகுநேரம் பார்த்தவன், காப்பி ஊற்றும்போது என்னிடம் மெல்லச் சொன்னான்:

"ஆனெலி, மூணு வாரமும் நான் வந்திருக்கேன் போல."

"ஐயோ, அது உல்ஃப் ஏதோ பழக்கத்துல..."

"ஆஸ்பத்திரில கெடந்தேன். பித்தப்பைய எடுத்துட்டாங்க. ஃபோன தலைமாட்டுலயே வச்சிருந்தேன். யாராச்சும் கூப்பிடுவீங்கன்னு."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக இலவங்கப்பட்டை ரொட்டியை அவன் தட்டில் வைத்தேன். வேறென்ன செய்யத் தெரிந்தது எனக்கு? மற்றவர்களிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் லட்சணமும் வெளியே வருமே.

ஜனவரியில் புதுக்கதை. பாத்திரம் தேர்ந்தெடுக்கும் நாள். யாரையும் கேட்பதற்கு முன்பே உல்ஃப் எழுதிவிட்டான்.

"டூரே வைத்தியன். மத்தவங்க சொல்லுங்க."

"வைத்தியன் வேண்டாம். எனக்கு வாள்வீரன்," என்றான் டூரே.

"என்னய்யா விளையாடறியா? அப்ப எங்களுக்கு யாரு வைத்தியம் பாக்கறது?"

"தெரியல. நான் இல்ல."

குற்றவுணர்ச்சி பிடுங்கித் தின்ன, "நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

அன்று டூரேவைப் பார்த்திருக்க வேண்டும்! நாற்காலி நுனியில் உட்கார்ந்து கத்தினான், கெட்ட வார்த்தை பேசினான், எல்லோருக்கும் முன்னால் பாய்ந்தான். இந்த மனுஷனுக்கு இவ்வளவு பெரிய குரலா என்று வாய் பிளந்தோம். நானோ மூன்றே வாரம் வைத்தியம் பார்த்த முண்டம். கீறலுக்கும் சிராய்ப்புக்கும் மந்திரத்தை வாரி இறைத்துவிட்டேன். குகையில் பூதம் அவனை அடித்து வீழ்த்தியபோது என் கையில் ஒன்றும் மிச்சமில்லை. வாள்வீரன் செத்தான்.

"பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன்," என்று சிரித்தபடி உல்ஃப் வெற்றுத்தாள் ஒன்றை அவன் பக்கம் தள்ளினான். "புது ஆள எழுது. வைத்தியன்னே போட்டுக்கோ, புண்ணியமாப் போகும்."

டூரே பென்சிலை எடுக்கவில்லை.

"உல்ஃப், இன்னைக்கு நான் ஒண்ணும் எழுதல. சும்மா உங்களோட உக்காந்திருக்கட்டுமா?"

"சும்மா உக்காந்து என்னய்யா பண்ணுவ?"

கேலியாகத்தான் கேட்டான், கெட்ட எண்ணமில்லை. மற்ற இருவரும் சிரித்தார்கள். டூரே என்னைப் பார்த்தான். 'உக்காருப்பா' என்று ஒரு வார்த்தை போதும். நான் குனிந்து பகடைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவன் பென்சிலை எடுத்து 'வைத்தியன்' என்று எழுதினான்.