தவிட்டு நிறக் குட்டி

என் மாமாவின் முதலாளி வீட்டு முன்னறையில் சாமி படங்களைவிடப் பெரிதாக ஒரு சட்டம் மாட்டியிருக்கும். அதில் இருந்தது ஒரு குதிரையின் பரம்பரை. வித்துராவுக்குப் போகும் சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த அவருடைய லாயத்தில் வெள்ளை வெளேரென்று ஓர் அரபு ஆண்குதிரை நின்றது. வெளிநாட்டுப் போட்டிகளில் கோப்பைகளை வாங்கிக் குவித்துவிட்டு, மிச்ச வாழ்நாளைத் தகப்பனாகக் கழிக்க இங்கே வந்தவர். எங்கள் குடும்பத்தில் அந்தக் குதிரையை 'அவர்' என்றுதான் சொல்வோம். ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயர் கண்ணாடிக்குள் இருக்கும் ஒருவரை வேறு எப்படிச் சொல்வது? "நம்ம பூட்டன் பேரு உனக்குத் தெரியுமாட்டி?" என்று மாமா என்னைக் கேட்டுச் சிரிப்பார்.

மாமா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஹோட்டலில் பரோட்டா போட வந்தவர். அத்தையைக் கல்யாணம் செய்தபோது சீதனமாக ஒரு மட்டக்குதிரை வந்தது. சங்குமுகம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுகிற பெண்குதிரை. குதிரையோடு பழக்கம் உண்டு என்று சொல்லித்தான் மாமா லாயத்தில் வேலையும், கூடவே ஒரு சின்ன வீடும் வாங்கினார். மழைக்காலத்தில் கடற்கரையில் சவாரி கிடையாது. அந்த மாதங்களில் மட்டக்குதிரையை லாயத்தின் பின்கொட்டகையில் கட்டிக்கொள்ள முதலாளி சம்மதித்திருந்தார்.

ஒரே நிபந்தனை, அது லாயத்து 'அவர்' பக்கம் போகக் கூடாது. எங்கெங்கிருந்தோ பெண்குதிரைகள் லாரியில் வந்து இறங்கும். அவற்றின் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்த பிறகுதான் அவருடைய கதவு திறக்கும். கதவைச் சரியாகச் சாத்தாத ஒரு வேலையாளை முதலாளி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது ஓண விடுமுறைக்குக் கிழக்கேகோட்டையிலிருந்து மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். திருவோணத்தன்று சாப்பாடு முடிந்து பாயசத்துக்கு வந்த நேரம், பின்பக்கம் கனைப்புச் சத்தம் கேட்டது. ஓடிப் போனால், மழையில் சாய்ந்திருந்த வேலியைத் தாண்டி வந்து, ஏழு தலைமுறைக்காரர் எங்கள் மட்டக்குதிரையின் பக்கத்தில் நிற்கிறார். ஒன்றுமே நடக்காத மாதிரி அதன் புல்லைத் தின்றுகொண்டிருந்தார். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "ஓணத்துக்கு விருந்து வந்திருக்காரு, நீ உள்ள வா" என்று அத்தை என்னை இழுத்துக்கொண்டு போனாள். நானும் நம்பினேன்.

அடுத்த மழைக்காலத்தில் மட்டக்குதிரை வாயும் வயிறுமாக லாயத்துக்கு வந்தது. கடற்கரையில் ஒரு தவிட்டு நிறக் குதிரையோடு சேர்ந்துவிட்டது என்று மாமா முதலாளியிடம் சொல்லிவைத்தார். குட்டி வெள்ளையாகப் பிறந்தால் பொய் வெளுத்துவிடும், வேலையும் வீடும் போய்விடும். மாமா அதுவரை குதிரைக் குட்டி ஒன்றைப் பார்த்ததே இல்லை. வந்து போன பெண்குதிரைகள் எல்லாம் தத்தம் ஊரில்தான் ஈன்றன. குட்டி கறுப்பாகப் பிறந்தால் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று அத்தை பழவங்காடிப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டாள். இப்படியொரு வேண்டுதல் பிள்ளையார் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அந்த வருட ஓண விடுமுறைக்கு நான் போய் இறங்கிய அன்று காலைதான் குட்டி பிறந்திருந்தது. நல்ல அடர்ந்த தவிட்டு நிறம். அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். சற்று நேரத்தில் முதலாளி வந்தார். மண்ணில் குந்தி உட்கார்ந்து, குழிந்த மூக்கும் நிமிர்ந்த வாலுமாக நின்ற அந்தக் குட்டியை நெடுநேரம் பார்த்தார். அதன் கண்ணைச் சுற்றிக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

"கடப்புறத்துத் தவிட்டுக் குதிரைக்குப் பொறந்ததுதானே?"

"ஆமா முதலாளி" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

"செரி. பின்னே எனக்கு இதுல என்ன காரியம்? நீயே வச்சுக்கோ. பால்குடி மறந்ததும் கடப்புறத்துக்குக் கொண்டு போயிரணும், கேட்டோ. பின்ன இந்தப் பக்கம் கொண்டு வரவேண்டா. இங்க வாற ஆளுக ஒருத்தரும் காணவேண்டா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பணக்காரத் திமிர் என்று நினைத்தேன். இத்தனை சுலபமாக ஏமாந்துபோனாரே என்று உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது.

மறு வருடம் குட்டியின் கண்ணைச் சுற்றி நரை விழுந்தது. பிறகு கழுத்து, பிறகு முதுகு. நான் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது அவன் தகப்பனைப் போலவே வெள்ளை வெளேரென்று சங்குமுகத்தில் பிள்ளைகளைச் சுமந்து நடந்தான். வெள்ளை அரபுக் குதிரைகள் வெள்ளையாகப் பிறப்பதில்லை, கறுப்பிலோ பழுப்பிலோ பிறந்து வளர வளரத்தான் வெளுக்கும் என்பதை நான் எத்தனையோ வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த வருடம்தான் லாயத்தில் அவர் இறந்தார். சட்டம் போட்டு மாட்டத் தகுந்த அவருடைய பிள்ளைகள் தூர தூரத்து ஊர்களில் இருந்தார்கள். அடக்கம் முடிந்த வாரம், ஒரு சாயங்காலம் நானும் மாமாவும் குதிரையோடு நின்றபோது முதலாளி தனியாகக் கடற்கரைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து வெல்லத்துண்டு எடுத்து எங்கள் குதிரைக்கு நீட்டினார். செத்துப்போன அவருக்கும் அப்படித்தான் கொடுப்பார்.

"தவிட்டுக் குதிரைக்குச் சுகந்தன்னே?" என்று மாமாவிடம் கேட்டார்.

 மாமா கயிற்றை முதலாளி கையில் கொடுத்தார். முதலாளி அந்த வெள்ளைக் குதிரையை அலை ஓரமாக வெகுதூரம் நடத்திக்கொண்டு போனார்.

"பாவம், முதலாளிக்குக் கண்ணு தெரியல போல" என்று சொல்லி நான் சிரித்தேன்.

"ஏட்டி, வாய மூடு!" என்று மாமா கத்தினார். அதுவரை என்னை ஒரு சொல் திட்டாதவர். வீடு போய்ச் சேரும்வரை நான் அவரோடு பேசவே இல்லை. உள்ளதைத்தானே சொன்னேன், அதற்கு இப்படியா?