பன்னிரண்டு இருக்கை வேனும் டீக்கனாரின் தங்க நிறக் கார்டும்

வெர்னெல் கெய்ன்ஸுக்குப் பாட்டு வராது. அதை அவளே சொல்லிவிடுவாள், நீங்கள் மெனக்கெட வேண்டாம். கிரீன்வுட் ஊரின் அந்தச் சின்னத் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு எழுந்து நின்றால் கூரை அதிரும். வெர்னெல் வாயைத் திறந்தாலோ முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். இருந்தாலும் அவள் இல்லாமல் அந்தக் குழு ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், தேவாலயத்துப் பழைய பஸ்ஸுக்கும் அவள்தான் டிரைவர். பதினொரு பேர் பாடுவார்கள், அவள் ஓட்டுவாள். குழுவில் அவளுடைய இடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அந்த பஸ் இன்ஜின் போய்ப் படுத்துவிட்டது. அதன் பிறகு எந்தப் போட்டிக்கும் போகவில்லை. இந்த வருஷம் என்ன ஆனாலும் சரி, வாடகை வேன் எடுத்தாவது மெம்ஃபிஸ் போட்டிக்குப் போய்விடுவது என்று முடிவானபோது வெர்னெலுக்குக் கால் தரையில் பாவவில்லை. புது ஷூ கூட வாங்கிவிட்டாள். அப்புறம்தான் சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் டீக்கன் ஹோசியா டாலிவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"வேனை என் கிரெடிட் கார்டுல எடுக்கறேன். என் கார்டு, என் பேரு. அதனால நானே ஓட்டறேன்" என்றார்.

பன்னிரண்டு இருக்கை. பாடுகிறவர்கள் பதினொரு பேர், டீக்கனார் ஒருவர். கணக்கு தீர்ந்தது, வெர்னெலுக்கு இடமில்லை. ஒருவராவது வாயைத் திறந்து கேட்க வேண்டாமா? யாரும் கேட்கவில்லை! டீக்கனாரிடம் கேட்கிற துணிச்சல் அந்தச் சபையில் போதகருக்கே கிடையாது. வெர்னெலும் சரி என்று தலையாட்டிவிட்டு, பதினொரு பேருடைய அங்கிகளையும் வீட்டுக்கு எடுத்துப் போய் இஸ்திரி போட்டாள். இஸ்திரி போடும்போது அழுதாள் என்பதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாடகை வண்டி அலுவலகத்தின் முன்னால் குழு கூடியிருந்தது. மத்தியானம் பன்னிரண்டுக்குள் மெம்ஃபிஸில் பெயர் கொடுத்தாக வேண்டும், ஒரு நிமிஷம் தாண்டினாலும் சேர்க்க மாட்டார்கள். இரண்டரை மணி நேரப் பயணம். யாரும் சும்மா நிற்கவில்லை. ஒருத்தி குரலைச் சூடுபடுத்துகிறாள், ஒருத்தன் கைதட்டித் தாளம் போடுகிறான், முதன்மைப் பாடகி யூலா ரான்சம் வேனைச் சுற்றிச் சுற்றி வந்து கண்ணாடியில் தன் தொப்பியைச் சரிசெய்கிறாள். அங்கிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போக வந்த வெர்னெல் போகாமல் நின்றாள். சும்மா, வேனைப் பார்க்கத்தான்.

உள்ளே கவுண்டரில் டூயி ஸ்ட்ரவுட், வாயில் பாதி பிஸ்கட்டோடு, தாள்களைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"டீக்கன் ஐயா, இன்சூரன்ஸ் நாலு விதம் இருக்கு. வேனுக்கு அடிபட்டா உங்ககிட்ட பணம் கேக்காம நாங்களே பாத்துக்கறது ஒண்ணு. நீங்க அடுத்தவங்களை இடிச்சா அதுக்கு ஒண்ணு. உள்ள இருக்கறவங்களுக்குக் காயம்னா ஒண்ணு. சாமான் திருடு போனா ஒண்ணு. எது வேணும்?"

"ஒண்ணும் வேணாம்" என்றார் டீக்கனார். சட்டைப் பையிலிருந்து தங்க நிறக் கார்டை எடுத்து, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மேஜையில் வைத்தார். "இதை வச்சு வண்டி எடுத்தா கார்டுக்காரனே பாத்துப்பான். எல்லாம் இதுக்குள்ள அடக்கம்."

வாசலில் நின்ற வெர்னெலுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"டீக்கன் ஐயா, தப்பா நினைக்காதீங்க. போன வருஷம் எங்க அக்கா வீட்டுக்காரர் இதே மாதிரி கார்டை நம்பிப் பெரிய வேன் எடுத்தாரு. பின்பக்கம் நசுங்கினப்போ கார்டுக்காரன் கையை விரிச்சிட்டான். எத்தனை சீட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"சிஸ்டர் வெர்னெல், நீங்கதான் வரப்போறதில்லையே. உங்களுக்கு எதுக்கு இந்தக் கவலை?"

சுருக்கென்றது அவளுக்கு. ஆனாலும் நகரவில்லை. "பாடப் போறது நம்ம பிள்ளைங்க. கேளுங்க, ஐயா."

டூயி தன் போனை அவர் பக்கம் தள்ளினான். டீக்கனார், தான் ஜெயிப்பது எல்லோர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு, கார்டின் பின்னால் இருந்த எண்ணை அழுத்தினார். பதினொரு பேரும் வாசலில் வந்து நெருக்கினார்கள்.

"சார், வண்டியில எத்தனை பேர் உக்காரலாம்?" என்று கேட்டது ஒரு பெண் குரல்.

"பன்னெண்டு."

"மன்னிக்கணும் சார். ஒன்பது பேருக்கு மேல உக்கார்ற வண்டி எதுக்கும் இந்தக் கார்டு செல்லாது."

"ஆமென்!" என்றாள் யூலா. பின்னாலிருந்து நாலைந்து குரல்கள், தேவாலயத்தில் பிரசங்கத்துக்குச் சொல்வது போலவே, "ம்ம்-ஹ்ம்ம்!" என்றன.

டீக்கனாருடைய கழுத்து சிவந்தது. விடுவாரா? "அப்போ என் சொந்தக் கார் இன்சூரன்ஸ் இருக்கு. அது நான் எந்த வண்டி ஓட்டினாலும் கூடவே வரும்."

அது பாதி நிஜம். மீதிப் பாதி வெர்னெலுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும்.

"ஈஸ்டர் அன்னிக்கு சபை முன்னால நீங்களே சாட்சி சொன்னீங்களே, ஐயா" என்றாள் மெதுவாக. "பியூக் கார் பழசாயிடுச்சு, அதுக்கு அடிபட்டா தர்ற இன்சூரன்ஸை நிறுத்திட்டேன், நான் யாரையாவது இடிச்சா அவங்களுக்குத் தர்றது மட்டும்தான் வச்சிருக்கேன்னு."

டூயி பிஸ்கட்டை விழுங்கினான். "அப்படின்னா அதேதான் இங்கயும் வரும், ஐயா. நீங்க இடிச்ச ஆளுக்குப் பணம் கிடைக்கும். இந்த வேனுக்கு ஒரு பைசா வராது. வேன் முழுக்க உங்க தலையில. ஒர்க்‌ஷாப்பில நிக்கற நாளுக்கு வாடகையும் உங்க தலையில."

டீக்கனார் கண்ணாடி வழியாக வேனைப் பார்த்தார். இவ்வளவு நேரம் சாதாரணமாக இருந்த வேன் இப்போது அவர் கண்ணுக்கு மாளிகை போல வளர்ந்திருக்க வேண்டும். "சரி, அந்த முதல் இன்சூரன்ஸைப் போடு" என்று முணுமுணுத்து, டூயி காட்டிய கட்டங்களில் எல்லாம் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கிறுக்கினார்.

"வேற யாராவது ஓட்டுவாங்களா? பேரு எழுதணும். பேப்பர்ல பேர் இல்லாத ஆள் ஸ்டியரிங்கைத் தொட்டா, நீங்க இப்ப வாங்கின இன்சூரன்ஸ் செல்லாம போயிடும்."

அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் வெர்னெல் ஓரடி முன்னால் வந்தாள். கைப்பையில் லைசென்ஸ் இருக்கிறது, எப்போதும் இருக்கும். டீக்கனார் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"வேற யாரும் இல்ல" என்றார்.

முடிந்தது. வெர்னெல் வெளியே வந்து, அங்கிகளை ஒவ்வொன்றாக வேனில் மாட்டினாள். யூலா அவள் தோளைப் பிடித்து, "அக்கா, என் மடியில உக்காந்து வாங்க" என்றாள். "சட்டத்துல இடமில்லடி" என்று சிரித்துவிட்டாள் வெர்னெல். கண் மட்டும் சிரிக்கவில்லை.

மணி எட்டே முக்கால். டீக்கனார் ஏறி உட்கார்ந்தார், பெல்ட்டைப் போட்டார், தொப்பியை நிமிர்த்தினார். "எல்லாரும் தள்ளி நில்லுங்க, பின்னால எடுத்துத் திருப்பிட்டு வந்து ஏத்திக்கறேன்!"

ஐயோ, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வேன் பின்னால் வந்தது. "போதும்!" என்று கத்தினாள் வெர்னெல். வேன் இன்னும் வந்தது. "போதும் போதும் போதும்!" என்று பதினொரு பேரும், நான்கு சுருதியில், கத்தினார்கள். டமார்!

அந்த மைதானத்தில் நாற்பது வண்டி நிறுத்த இடம் இருந்தது. அந்தப் பக்கம் நின்றிருந்ததோ ஒரே ஒரு கார். பழைய பழுப்பு நிற பியூக். டீக்கனாருடையது.

டூயி ஓடி வந்து குனிந்து பார்த்தான். வேனின் பின்பக்க பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். பியூக்கின் கதவு சாப்பாட்டுத் தட்டு போலக் குழிந்திருந்தது.

"வேனுக்குக் கவலையில்லை, ஐயா, இப்பத்தானே கையெழுத்துப் போட்டீங்க" என்றான். போனில் கீறலைப் படம் பிடித்துக்கொண்டான்.

"என் காருக்கு?"

"அது அடுத்தவங்க காரா இருந்தா உங்க பாலிசியே தந்திருக்கும். சொந்தக் காரை நீங்களே இடிச்சா எவனும் தர மாட்டான்."

முதலில் சிரித்தது யூலாதான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. வெர்னெல் மட்டும் சிரிக்கவில்லை. டீக்கனார் இன்னும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருப்பதை அவள் பார்த்துவிட்டாள். எழுபத்திரண்டு வயது மனிதர். ஜன்னலருகே போனாள்.

"பரவாயில்ல, ஐயா. ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே. தண்ணி குடிக்கிறீங்களா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் கைக்கடிகாரத்தையும் வாசலில் நின்ற பதினொரு பேரையும் பார்த்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்.

"டூயி, அந்தப் பேப்பரைக் கொண்டு வா. இன்னொரு டிரைவர் பேரு எழுதணும்."

"அப்போ நீங்க, ஐயா?" என்றாள் வெர்னெல். "பன்னெண்டு சீட்டுதானே."

"எண்ணத் தெரியும் எனக்கு" என்று எரிந்து விழுந்தார். உடனே குரல் தணிந்தது. "என் காரை இங்க விட்டுட்டு எப்படி வர்றது? போம்மா. நேரமாகுது. அவங்களைக் கொண்டு போய்ச் சேர்த்துடு. உன்னால முடியும். முன்னாடியே சொல்லியிருக்கணும் நான்."

வெர்னெல் கைப்பையைத் திறந்தாள். லைசென்ஸை எடுத்து நீட்டியபோது டூயி, "உங்க சொந்தக் காருக்கு என்ன இன்சூரன்ஸ்?" என்றான். "முழு இன்சூரன்ஸ்" என்றாள் அவள், மாணவி பதில் சொல்வது போல. அவன் எழுதினான்: வெர்னெல் கெய்ன்ஸ். பத்து நிமிஷத்தில் வேன் நெடுஞ்சாலையில் இருந்தது. உள்ளே பாட்டு அதிர்ந்தது. சந்தோஷத்தில் வெர்னெலும் சேர்ந்து பாடினாள், யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு மெம்ஃபிஸ் அரங்கத்து மேஜையில் இருந்த பெண் பட்டியலில் விரலை ஓட்டினாள். "பதினோரு பேர்தான் இருக்கு. நீங்க யாரு?"

வெர்னெல் கைப்பையிலிருந்து வாடகைத் தாளை எடுத்துப் பிரித்து வைத்தாள். "நான் டிரைவர். என் பேரு இதுல இருக்கு."

அந்தப் பெண் படித்துப் பார்த்தாள், சிரித்தாள், முன்வரிசைக்கு ஒரு நுழைவுச் சீட்டைக் கொடுத்தாள்.

குழு மேடையேறப் போகும் சமயத்தில் போன் அதிர்ந்தது. டீக்கனார்.

"சேர்ந்துட்டீங்களா?"

"சேர்ந்துட்டோம், ஐயா. வேன்ல ஒரு கீறல் இல்ல. உங்களுதைத் தவிர."

மறுமுனையில் ஒரு கனைப்பு. சிரிப்பாகவும் இருக்கலாம். "நான் இன்னும் கார்லயேதான் உக்காந்திருக்கேன். அந்தப் போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடி, சிஸ்டர். கேக்கணும்."

வெர்னெல் போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். யூலா முதல் அடியை எடுத்தாள், அரங்கம் எழுந்து நின்றது. பாட்டு முடியும் வரை வெர்னெல் கையை இறக்கவே இல்லை.

அந்த வருஷம் மூன்றாவது இடம் கிடைத்தது. அடுத்த வருஷப் பயணத்துக்கு டீக்கனார் தட்டச்சு செய்து ஒட்டிய பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் பாடத் தெரியாதவளுடையது.