பிள்ளைக்காம்பராவின் சாவி

என்னை ஊருக்குள் விடலாமா கூடாதா என்று எங்கள் லயத்து ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ரோட்டின் குறுக்கே கிடந்த சில்வர் ஓக் மரத்துக்கு அந்தப் பக்கம் நான் பையோடு நின்றிருந்தேன். அந்த மரத்தை வெட்டிப் போடச் சொன்னவர் என் அப்பா.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து எங்கள் எஸ்டேட் ஃபாக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. புதிதாக யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. என் வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மலையிறங்கித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனோம். கொரோனா வந்து கம்பெனியை மூடினார்கள். கொஞ்ச நாள் கழித்து ஹாஸ்டலையும் மூடினார்கள். பாஸ் வாங்கி, மேட்டுப்பாளையத்தில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் ஏறி, பர்லியார் செக்போஸ்ட்டில் நெற்றியைக் காட்டி, கடைசி மூன்று கிலோமீட்டரை நடந்தே வந்தேன். அரசாங்கம் விட்டுவிட்டது, அப்பா விடவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது என் விஷயத்தில் அப்படியே நடந்தது.

அப்பாவின் கட்சியையும் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அவரவர் வீட்டிலேயே தனியாக இருக்க வேண்டும், கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம், அவ்வளவுதான் என்றது அரசாங்கம். லவ்டேலிலும் பெர்ன்ஹில்லிலும் பங்களா வைத்திருப்பவர்களுக்கு அது சரி. எங்கள் லயத்தில் ஒரே தகரக் கூரையின் கீழ் பத்துக் குடும்பங்கள். சிலோனிலிருந்து வந்தவர்கள் என்பதால் இன்னும் அதை வீடு என்று சொல்ல வாய் வராது, காம்பரா என்போம். ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அதற்கு மேல் பத்துக் காம்பராவுக்கும் ஒரே காற்று. அந்தக் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பராவில் மிளகாய் வறுத்தால் இந்தக் கடைசியில் நாங்கள் தும்முவோம்.

அப்பா யூனியன்காரர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று தினமும் இதைத்தான் கத்திக்கொண்டிருந்தாராம். வருகிறவர்களுக்கு ஒரு தனி இடம் கொடு, இல்லையென்றால் யாரையும் விடமாட்டோம். இடம் இல்லாமலும் இல்லை. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா ஊரடங்கில் பூட்டிக் கிடந்தது. அரசாங்கம் சொன்னால் தருகிறோம் என்றது எஸ்டேட். அது எஸ்டேட் கட்டடம், அவர்கள்தான் தர வேண்டும் என்றது அரசாங்கம். ஆக, பூட்டு பூட்டாகவே இருந்தது.

லயத்தில் பாதிப் பேர் அப்பாவோடு நின்றார்கள். மீதிப் பேருக்கு அவர் செய்வது பிடிக்கவில்லை. டாக்டர்களைக் கேட்டுத்தானே அரசாங்கம் சொல்லும், இவருக்கு மட்டும் என்ன பெரிய படிப்பு என்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பயமும் எல்லோருக்கும் இருந்தது. எஸ்டேட்டைப் பாதி ஆட்களோடு அப்போதுதான் திறந்திருந்தார்கள். ஒருத்தருக்கு நோய் வந்தாலும் லயத்தையே அடைத்துவிடுவார்கள், அப்புறம் யாருக்கும் வேலை இல்லை. குழாயடியில் அந்தப் பேச்சு, ரேஷன் கடையில் அந்தப் பேச்சு. முப்பது வருஷம் ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவர்கள் முகம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று அம்மா ஃபோனில் சொன்னாள். நான் வருவது அம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்பாவிடம் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை.

அதனால் அப்பா என்னை முதலில் பார்த்தது அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுதான். அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

யாரோ ஃபோன் செய்து, தாலுகா ஆபீஸ் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்துவிட்டார். கூட ஒரு போலீஸ்காரர். அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தவே இல்லை. என் பாஸைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க பொண்ணுதானுங்களே. பாஸ் இருக்குது. மரத்த எடுத்துட்டு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் அப்பாவின் கழுத்தில் கயிறு விழுந்தது எல்லோருக்கும் தெரிந்தது. சரி என்று தலையாட்டினால் இத்தனை நாள் கத்தியது வீண். நாளைக்கு எந்தப் பிள்ளையையும் அவர் தடுக்க முடியாது. முடியாது என்றால் மகள் ரோட்டில். எதிர்க்கட்சிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் சிரிக்கக்கூடச் சிரித்தார்.

அப்போது பக்கத்துக் காம்பரா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள்தான் பிள்ளைக்காம்பராவின் ஆயா. இடுப்பில் அவளுடைய நாலு மாதக் குழந்தை. கலியாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, இரண்டு தடவை கலைந்து, அப்புறம் தங்கிய குழந்தை. அவன் படுக்கும் தொட்டிலுக்கும் எங்கள் கட்டிலுக்கும் நடுவில் அந்தக் குட்டைச் சுவர் மட்டும்தான். இவளை உள்ளே விட்டால் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன் என்று அதிகாரியிடமே கேட்டாள். அம்மாவுக்கும் அவளுக்கும் ஏற்கெனவே ஆகாது. அவள் கோழி எங்கள் அவரைக் கொடியைக் கொத்தியதில் ஆரம்பித்த பகை. அம்மா விடுவாளா? வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள், குழந்தையையும் சேர்த்து. அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அதிகாரி மறுக்கவில்லை. "எனக்கும் தெரியுதுங்கம்மா. நானும் மேல எழுதிட்டனுங்க. ஆர்டர் வரலீங்களே."

அப்பா என்னைப் பார்க்காமல் அதிகாரியிடம் சொன்னார். "எல்லாருக்கும் ஒரே நியாயம்தாங்க. எடம் குடுக்கிற வரைக்கும் எம் மகளும் வெளியிலதான்."

சொன்னவர் குரல் கடைசியில் உடைந்துவிட்டது. எனக்கு அது காதில் ஏறவில்லை. அந்த ரோட்டில் நின்ற அத்தனை பேரையும் நான் வெறுத்தேன், அவரை எல்லோரையும்விட அதிகமாக. மகளை வைத்து யூனியன் மீட்டிங் நடத்துகிறார் என்று தோன்றியது. தூறல் போட ஆரம்பித்தது. எதிர்ப்பக்கத்துச் சரிவைப் பனி மூடிவிட்டது. குடைகள் விரிந்தன, ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. போலீஸ்காரர் மரத்தின்மேல் காலை வைத்து அது நகருமா என்று பார்த்தார்.

அக்கா குழந்தையைப் புருஷனிடம் கொடுத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்தாள். மரத்துக்கு மேலாக என் காலடியில் எறிந்தாள்.

"ஒனக்காக இல்ல. எம் புள்ளைக்காக. போயிப் படு."

எஸ்டேட் சாவி அது. ஆபீஸில் கேட்காமல் கொடுத்தால் வேலை போய்விடும் என்பது அங்கே நின்ற குழந்தைக்குக்கூடத் தெரியும். அதிகாரி தன் ஃபோனை எடுத்து மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார். பார்க்காத விஷயத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்பா தனியாளாக மரத்தின் நுனியைப் பிடித்து இழுத்து, ஒரு ஆள் போகிற வழி விட்டார். நான் அவரைத் தாண்டி நடந்தேன். அவர் கை நீளவில்லை, நானும் நிற்கவில்லை.

பிள்ளைக்காம்பராவில் உத்தரத்தில் இருந்து சேலைத் தொட்டில்கள் தொங்கின. அவற்றை ஒதுக்கிக் கட்டிவிட்டு நடுவில் பாய் விரித்தேன். காய்ந்த பால் வாசனையும் ஃபினாயில் வாசனையுமாக இருந்தது. அம்மா சோற்றைப் படியில் வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போவாள். அப்பா வேலை முடிந்து வந்து பேரிக்காய் மரத்தடியில் நின்று, சாப்பிட்டியா என்பார். நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அவர் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது.

ஜன்னலுக்கு எதிரே பெரட்டுக்களம். ஆபீஸுக்குள் கூட்டம் கூடாது என்பதால் சாவி கொடுத்ததற்கான விசாரணையை அங்கேயே வைத்தார்கள். காலைப் பெரட்டு முடிந்ததும் மானேஜர் துரை நின்றுகொண்டு கேட்டார். யாரைக் கேட்டு எஸ்டேட் கட்டடத்தைத் திறந்தீர்கள்?

மரம் வெட்டப் போட்டி போட்டவர்கள் எல்லாம் கூடைக் கயிற்றைச் சரிசெய்தார்கள். அப்பா முன்னால் போய், இதற்கு யூனியன்தான் பொறுப்பு, என்னை சஸ்பெண்ட் செய்யுங்கள் என்றார். துரை கையை ஆட்டி அவரை நிறுத்தினார். சாவி யூனியனிடம் இல்லை, சாவி இருந்த ஆள் யார் என்றார்.

அம்மா வரிசையிலிருந்து வெளியே வந்தாள். "நாந்தாங்கய்யா. அவ கையிலருந்து நாந்தான் புடுங்கிட்டேன்."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை என்று சொன்னால் அதுவே பொய். ஆனால் இது அவள் வேலையைக் கொண்டுபோகிற பொய். அக்கா பேசாமல் நின்றிருந்தால் போதும், தப்பித்திருப்பாள். அவள் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது பொய்ங்கய்யா. நானாத்தான் குடுத்தேன். எங்கிட்டருந்து எதையும் புடுங்குற தெம்பு இந்தம்மாவுக்கு இல்ல."

சிலர் சிரித்துவிட்டார்கள். துரை சிரிக்கவில்லை. ஆயா வேலையிலிருந்து அவளை எடுத்து, மறுநாளிலிருந்து கொழுந்துக்கு அனுப்பச் சொன்னார். பச்சை உடம்புக்காரி, பால் கொடுக்கிறவள், மழையில் மேட்டில் ஏற வேண்டும். திமிர் பிடித்தவள், திமிர் பிடித்தவள் என்று அம்மா அன்று முழுக்கத் திட்டினாள். படியில் சோற்றை வைக்கும்போதும் அழுதுகொண்டேதான் திட்டினாள்.

அடுத்த வாரமே ஆர்டர் வந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தப் பிள்ளைக்காம்பராவையே ஒதுக்கியிருந்தார்கள். அதே அதிகாரி வந்து பெரட்டுக்களத்தில் வாசித்தார், வாசலில் ஒரு பேனரும் கட்டினார். அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. அப்படியானால் அந்தப் பெண்ணின் வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று அப்பா கேட்டார். அது எஸ்டேட் விஷயம் என்றார் அதிகாரி. எஸ்டேட்டில் கேட்டால், ஆர்டர் வருவதற்கு முன்னால் திறந்தது தப்புத்தானே என்றார்கள். அப்பா தொண்டை கட்டும்வரை கத்தினார். அன்றைக்கு மட்டும் எதிர்க்கட்சிக்காரர்களும் அவரோடு சேர்ந்து கத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, உனக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாள் சாயங்காலம் நான் லயத்துக்கு நடந்தேன். வாசலில் நின்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நர்ஸம்மா சொன்னது அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

அக்கா அப்போதுதான் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்திருந்தாள். மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்திருந்தது, முழங்கால் வரை சேறு. புருஷனிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு குழாயடியில் நின்றாள். நான் எட்டியே நின்றேன். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. என் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும்தான்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? இவனப் புடி, காலு கழுவணும்."

லயமே பார்த்தது. நான் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அவனை வாங்கினேன். அவன் என் கழுத்தைப் பிடித்தான். அக்கா குழாயைத் திறந்து, அவசரமே இல்லாமல் கால் கழுவினாள்.