மூன்றாம் கியரும் மஞ்சள் பெயிண்டும்

வாரண்டி அட்டையைக் கொடுத்த அன்று எங்களைப் போட்டோ எடுத்தார்கள். நான், என் வீட்டுக்காரர், நடுவில் யார்டு மேனேஜர். கள்ளக்குறிச்சியில் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் யார்டு அது. அட்டையில் வெட்டிய பெரிய சாவி ஒன்றை இருவரும் சேர்ந்து பிடிக்கச் சொன்னார்கள். லட்டு கொடுத்தார்கள்.

"ஆறு மாசத்துக்கு இஞ்சினு, கியர் பாக்ஸு ரெண்டயும் பத்தி நீங்க நெனைக்கவே வேணாங்க்கா. எதுனா ஒண்ணுன்னா நாங்க பாத்துக்கிறோம்" என்றார் மேனேஜர்.

அட்டையின் பின்பக்கத்தில் எறும்பு சைஸில் இருந்த எழுத்தை யாரும் படித்துக் காட்டவில்லை. நானும் படிக்கவில்லை. பத்தாவது வரை போனவள்தான் நான். லட்டைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

வண்டி என் பேரில் இருந்தது. மகளிர் குழுவில் கடன் எடுத்தவள் நான், அதனால் ஆர்.சி. புத்தகத்திலும் என் பேர். ஓட்டுவது வீட்டுக்காரர். பதினைந்து வருடமாக யார் யார் வண்டியையோ கல்வராயன் மலைக்கு ஏற்றி இறக்கியவர். நான் கூடவே போவேன். மூட்டை பிடிப்பேன், தார்ப்பாய் கட்டுவேன். கச்சிராயபாளையத்திலிருந்து மேலே சிமெண்டு, மளிகை, தகரம் போகும். திரும்பும்போது மலையில் விளைந்தது எதுவோ அது வரும். தை பிறந்தால் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆரம்பிப்பார்கள். பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது. இரண்டு நாளில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குப் போயாக வேண்டும். அந்த நாட்களில் ஒரு பொழுதில் இரண்டு மூன்று நடை ஏறி இறங்க வேண்டும், இறங்கும் ஒவ்வொரு தடவையும் முதுகில் முழு பாரம். அதை நம்பித்தான் அந்த பிக்கப்பை வாங்கினோம்.

கார்த்திகையில் ஒரு நாள் சாமை மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். ஒரு வளைவைத் தாண்டியதும் 'டக்'கென்று ஒரு சத்தம். கியர் கம்பி தானாகத் துள்ளி நடுவில் வந்து நின்றது. அதுவரை உறுமிக்கொண்டிருந்த இஞ்சின் அடங்கிவிட்டது. வண்டி மட்டும் வேகம் எடுத்தது. இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிப்பதே அந்தக் கியர்தான். அது விட்டுவிட்டால் மொத்த பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. இவர் மிதித்து மிதித்து, அடுத்த வளைவுக்கு முன்னால் பாறைப் பக்கமாக ஓரங்கட்டினார். பின் சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. எதிர்ப்பக்கத்தில் கைப்பிடிச் சுவர்கூட இல்லை.

"இன்னாயா ஆச்சு?"

"மூணாங்கியர் கழண்டுக்கிச்சும்மே."

"கழண்டுக்கிச்சுன்னா?"

"போட்டா நிக்க மாட்டுது." குழம்பில் உப்பு கம்மி என்று சொல்வது போலச் சொன்னார்.

மறுநாள் பார்த்தால் சைக்கிள் டியூப் ஒன்றை வெட்டி, கியர் கம்பியை சீட்டின் காலோடு இழுத்துக் கட்டி வைத்திருக்கிறார். மூன்றாம் கியர் போட்டதும் டியூப்பை மாட்டிவிட்டால் நழுவாதாம். "கல்யாணத்துக்கு முன்ன ஒரு வண்டிய ரெண்டு வருசம் இப்பிடித்தான் ஓட்டுனேன்" என்றார் பெருமையாக.

"அது எவன் வண்டியோ. இது வாரண்டி வண்டி. அத்த அவுத்துப் போடுய்யா" என்றேன். அந்த டியூப் ஒரு நாள் அறுந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். தையில் கிழங்கு பாரத்தோடு, ஒரு நாளைக்கு மூன்று தடவை. அதற்குள் அந்தக் கியர் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஆளை நான் மலைக்கு அனுப்பக் கூடாது. எனக்கு வேறு கவலையே இல்லை.

யார்டுக்குப் போனோம். மேனேஜர் என்னைத் தாண்டி இவரிடம், "சொல்லுங்கண்ணே, இன்னா பிரச்சனை?" என்றார். இவர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால் எதிரில் இருப்பவர் சங்கடப்படக் கூடாது என்று நினைக்கிறவர். "கொஞ்சம் கியர் அப்பப்போ..." என்று இழுத்தார். நான் குறுக்கே விழுந்து சொன்னேன்.

அவர்கள் ஆள் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு தியாகதுருகம் ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தார். காலி வண்டி, நாலு வழிச் சாலை, கோலி வைத்தால் உருளாத தரை. "சூப்பரா ஓடுதுங்க" என்றார்.

"மலையில எறக்கிப் பாருங்க."

"மலைக்கெல்லாம் டெஸ்ட் டிரைவ் இல்லக்கா" என்றார் மேனேஜர். "அப்பிடி பயமா இருந்தா ரெண்டாங்கியர்லயே எறக்குங்க."

"மூணாங்கியர் இல்லாத வண்டின்னு சொல்லியா வித்தீங்க?"

அங்கே நின்றிருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. ஃபாரத்தில் கிளெய்ம் எழுதணும், ஓனர் கையெழுத்துப் போடணும், ஓனரை வரச் சொல்லுங்கள் என்றார். முன்னால் நிற்பவள்தான் ஓனர் என்றேன். "அதான், அண்ணன் போட்டாலும் சரிதான்" என்றார். போட்டோவில் என் பக்கத்தில் நின்று சாவி பிடித்த அதே ஆள். பேனாவைப் பிடுங்கி நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது முறை போனபோது வண்டியை, அடியில் வேலை பார்க்கத் தோண்டிய பள்ளத்தின் மேல் நிறுத்தி, மெக்கானிக் கீழே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். தலை நரைத்த மனிதர், அதிகம் பேசாதவர். வெளியே வந்து மேனேஜரின் காதருகே ஏதோ சொன்னார். மேனேஜருக்கு முகமே மலர்ந்துவிட்டது.

"அக்கா, சீல் இல்ல. கியர் பாக்ஸ வெளிய தொறந்திருக்கீங்க. வாரண்டி கேன்சல்."

அட்டையின் பின்பக்கத்தை அன்றைக்குத்தான் படித்தேன். இஞ்சின், கியர் பாக்ஸ் போல்ட்டுகளின் மேல் குறுக்காக ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு போட்டிருப்பார்களாம். போல்ட்டைத் திருகினால் கோடு விலகும். கோடு விலகியிருந்தாலோ அழிந்திருந்தாலோ ஒன்றும் கிடையாது.

என் தப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோட்டை அழித்தவள் நான்.

ஆயுத பூஜைக்கு இந்தப் பக்கத்தில் வண்டி கழுவுவது வெறும் தண்ணீர் ஊற்றுவது இல்லை. அதுவும் முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய வண்டி. வாய்க்கால் கரையில், முன் சக்கரங்களைக் கல்லின் மேல் ஏற்றி நிறுத்தச் சொல்லி, அடியில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் வைத்து ஒரு காலை முழுக்கத் தேய்த்தேன். கியர் பாக்ஸில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. எவனோ பெயிண்ட் கையைத் துடைத்திருக்கிறான் என்று நினைத்து, அதைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். எடுத்துவிட்டு, வண்டியைத் தூக்கிப் போகிற உறுப்பாயிற்றே என்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். அந்தச் சந்தனம் காய்ந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் பார்த்தது அதைத்தான்.

நடந்ததை அப்படியே சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது?

"கியர் பாக்ஸுக்கு யாராச்சும் பொட்டு வப்பாங்களா?" என்றார் மேனேஜர்.

"உங்க கல்லாப் பொட்டிக்கு வச்சிருக்கீங்க, கம்ப்யூட்டருக்கு வச்சிருக்கீங்க. அதுங்க இன்னா மலை ஏறுதா?" என்றேன். இரண்டிலும் பொட்டு இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"ரூல்ஸ் ரூல்ஸ்தாங்க்கா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

இந்த ஒரு வார்த்தை எனக்குக் கொடுத்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஒரு மனிதன் பள்ளத்தில் போய் விழுவானா மாட்டானா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இவர்கள் பெயிண்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கோட்டை அழித்தது தப்பு, சரி. அதற்காகக் கியருக்குத் திடீரென்று தேய்மானம் வந்துவிடுமா? மண்ணெண்ணெய் துணி போல்ட்டுக்கு உள்ளே புகுந்து பல்லைத் தின்றதா?

வெளியே வந்து வண்டியில் ஏறும்போது மெக்கானிக் பின்னாலேயே வந்தார். "போல்ட்டு தொறக்கலம்மா. அடித் துரு அப்பிடியே இருக்குது. எனக்குத் தெரியும்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே.

"தெரிஞ்சா உள்ள சொல்றதுதான? எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க?"

அவர் உள்ளே போகத் திரும்பினார். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவுதானே, கச்சிராயபாளையம் வாருங்கள், மலையில் நீங்களே ஒரு தடவை இறக்கிப் பாருங்கள், நழுவாவிட்டால் இனி யார்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

பின்னால் மணல் மூட்டை ஏற்றினோம். மேலே வரைக்கும் இவர் ஓட்டினார், இறக்கத்தில் மெக்கானிக் உட்கார்ந்தார். நான் நடுவில். முதல் வளைவில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் ஒன்றும் ஆகவில்லை. நழுவ வேண்டுமே என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஒரு மலையில் இறங்கியவள் நானாகத்தான் இருப்பேன். மூன்றாவது வளைவுக்கு முன்னால் 'டக்'. மெக்கானிக் கையில் பிடித்திருந்த கம்பி அவர் உள்ளங்கையைத் தட்டிவிட்டு நடுவில் வந்து நின்றது. எப்படியோ நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பாறையின் மேல் உட்கார்ந்து இரண்டு பீடி பிடித்தார். "இதுலயா தெனமும் எறக்குறீங்க?" என்று இவரைக் கேட்டார்.

"டியூப்பு கட்டிக்குவேன்" என்றார் இவர்.

திங்கட்கிழமை அந்த மனிதர் ஜாப் ஷீட்டில் எழுதினார்: பாரத்தோடு இறக்கத்தில் மூன்றாம் கியர் நழுவுகிறது, போல்ட்டுகள் திறக்கப்படவில்லை. கீழே கையெழுத்தும் போட்டார். மேனேஜர் அதைக் கிழிப்பதற்கு முன்னால் போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

"நாளைக்கு மலையில எதுனா ஆச்சுன்னா, உங்க ஆளு எழுதுன பேப்பர் எங்கிட்ட இருக்குது" என்றேன்.

"இன்னாக்கா மெரட்டுறீங்களா?"

"ஆமாங்க."

இத்தனை நாளில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்கு நேரடியாக வந்த பதில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் கழித்து வண்டியை விடச் சொன்னார்கள்.

கியர் பாக்ஸைப் பிரித்தபோது நான் அங்கேயே நின்றேன். ஆயில் என்ற பெயரில் கரும் கிரீஸ் கூழ் மாதிரி வந்தது. சத்தம் வெளியே வராமல் இருக்க அடைத்து வைப்பார்களாம், மெக்கானிக் சொன்னார். யார் அடைத்தது என்றேன். "முந்தின ஓனரா இருக்கும்" என்றார் மேனேஜர். அதன்மேல் மஞ்சள் கோடு போட்டது யார் என்றேன். மூன்றாம் கியரின் பல் ஓரமெல்லாம் கரைந்த சோப்பு போல வழவழத்துப் போயிருந்தது.

புது சாமான் வர மாதமாகும் என்று, யார்டிலேயே விற்பனைக்கு நின்ற இன்னொரு பிக்கப்பைப் பிரித்து, அதிலிருந்து நல்ல கியரை எடுத்து எங்கள் வண்டிக்குப் போட்டார்கள். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. என் வண்டி சரியானால் போதும் என்று இருந்தேன். பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது.

வண்டியை எடுக்கப் போன அன்று பார்த்தேன். அந்த இன்னொரு பிக்கப் பள்ளத்தின் மேல் நின்றது. பக்கத்தில் துணி விரித்து, டீசலில் கழுவித் துடைத்து, எங்கள் பழைய கியர் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மஞ்சள் பெயிண்ட் டப்பா.

"இது எங்க போவுது?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"ஸ்கிராப்புக்குக்கா."

"ஸ்கிராப்புக்குப் போறத எவனாவது குளிப்பாட்டி வப்பானா?"

"அத்தப் பத்தி உங்களுக்கு இன்னாக்கா? உங்க வண்டிதான் ரெடியாயிடுச்சில்ல. எடுத்துக்கினு கெளம்புங்க."

மெக்கானிக் என்னைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எந்த ஊர்க்காரனோ வந்து அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பான். அவனுக்கும் ஒரு மலையோ பாலமோ இருக்கும். நான் குனிந்து கியரை எடுத்தேன். கனமாக இருந்தது. கீழே விரித்திருந்த துணியோடு சேர்த்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

மேனேஜர் ஓடி வந்தார். "அது கம்பெனி சொத்து. மாத்துன சாமான் எங்களுக்குத்தான். அட்டையில போட்டிருக்குது."

"படிச்சேன். வந்து எடுத்துக்கோ."

அவர் என் மடியைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்து, "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார்.

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். யாரும் சங்கடப்படக் கூடாது என்று நினைக்கிற மனிதர். என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்கே தெரியவில்லை. "கேட்டத் தொறக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

அந்த வருடம் தை முழுக்கக் கிழங்கு இறக்கினோம். ஒரு தடவைகூட நழுவவில்லை. அந்த இன்னொரு பிக்கப் மாசியில் யார்டில் இல்லை. விற்றுப் போய்விட்டது என்றார்கள். அதில் மூன்றாம் கியருக்கு என்ன போட்டார்கள் என்று மெக்கானிக்கைக் கேட்கலாம் என்று போனேன். அவரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டிருந்தார்கள்.