மதிலுக்கு இந்தப் பக்கம்

என் பாவாடை ஓரத்தைப் பிழிந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள் அம்மா. "உப்புத்தான்டி," என்றாள். அவளுக்குக் கிடைத்த கடல் அவ்வளவுதான்.

நிவித்திகலைக்கு மேலே எங்கள் றப்பர் தோட்டம். அங்கிருந்து கடலோர ஊரான காலிக்கு ட்ரிப் போன அன்று நடந்தது இது. நான் அப்போது சிறுமி. கூட்டிப்போனவர் தோட்ட அலுவலகமான கந்தோரின் தலைமை எழுத்தர், பெரிய கிளாக்கர். பஸ் தெனியாய, அக்குரஸ்ஸ என்று உள்பாதையில் போனதால் வழியில் கடல் தெரியவில்லை. கோட்டைக்குள், மதில் கடலை மறைக்கும் ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தினார்கள். எங்கள் ட்ரிப்புகளில் சமைத்த சோறும் கறியும் பானைகளில் கூடவே வரும். காகமும் நாயும் வாய் வைக்காமல் ஒருவர் காவல் இருக்க வேண்டும். கிளாக்கர் அம்மாவைக் கைகாட்டினார். "நீ பானைகளப் பாத்துக்க. நாங்க வந்ததும் போகலாம். கடல் எங்கயும் ஓடிப்போகாது." அவருடைய வீட்டார் சிரித்தார்கள்.

மணிக்கூட்டுக் கோபுரம், தரையெல்லாம் கல்லறைக் கற்கள் பதித்த பழைய தேவாலயம், வெளிச்சவீடு, பாறையிலிருந்து கடலுக்குள் குதிக்கும் இளைஞர்கள் என எல்லாவற்றையும் பார்த்தோம். வெளிச்சவீட்டுக்குக் கீழே இறங்கியபோதுதான் அலை என் பாவாடையை நனைத்தது. பிறகு கிளாக்கர் மதில் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, சூரியன் முழுக்க இறங்கும்வரை பார்த்தார். பஸ்ஸுக்குத் திரும்பியதும் விசில் ஊதினார்.

"ஐயா, ஒரு எட்டு மதில் மேல ஏறிப் பாத்துட்டு ஓடி வந்துறேங்க," என்றாள் அம்மா.

"நேரமாச்சி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம், ஏறு."

அடுத்த வருஷம் அம்மா இல்லை. மலையிலேயே பிறந்து, மலையிலேயே றப்பர் பால் வெட்டி, கடலைப் பார்க்காமலே போய்விட்டாள்.

கிளாக்கர் இருந்த அதே கந்தோரில் அதே நாற்காலியில் இன்று நான் இருக்கிறேன். போன மாதம் காலிக்கு ட்ரிப் ஒழுங்கு செய்தபோது, ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருக்கும் பழைய கிளாக்கர் ஊன்றுகோலோடு தேடி வந்தார். "சாகுறதுக்கு முந்தி இன்னொருக்கா கடலப் பாத்துரணும் பிள்ள." உடனே இடம் கொடுத்தேன். இடத்தோடு வேலையையும் மனதுக்குள் ஒதுக்கிவிட்டேன்.

காலியில் பஸ்ஸை அதே மரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். "ஐயா, நீங்க பானைகளப் பாத்துக்குங்க. நாங்க வந்ததும் போகலாம்."

"என்னையவே காக்கா வெரட்ட வச்சிட்டியா," என்று சிரித்தார். "சுணங்காம வாங்க."

சுணங்கினேன். தோட்டத்தில் வேலை செய்யும் லயத்துப் பெண்கள் ஒருத்தியையும் விடாமல் கூட்டிப்போனேன். அன்று பார்த்த ஓர் இடத்தைக்கூட விடவில்லை. கீழே இறங்கி அலையில் நின்றோம். அவர் உட்கார்ந்த மதிலிலேயே உட்கார்ந்து, கடைசிச் சிவப்பும் கரையும்வரை பார்த்தேன். அந்த மாலை எனக்கு இனித்தது.

திரும்பியபோது அவர் எழுந்து தயாராக நின்றார். "மதில் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துறேன்."

"நேரமாச்சிங்க ஐயா. கடல் எங்கயும் ஓடிப்போகாது."

ஊன்றுகோல் அசையாமல் நின்றது. என் முகத்தையே பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது. தணிந்த குரலில் கேட்டார்: "கடல் எப்படிம்மா இருந்திச்சி?"

என் சேலை ஓரம் நனைந்து கனத்திருந்தது. அவருடைய கண் அதில் நின்றது. அவர் முன்னாலேயே அதைச் சொட்டு இல்லாமல் பிழிந்து உதறினேன். கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.