சக்களத்திக்கு ஒரு துணை

கணவனின் சட்டையில் நீளமான முடி ஒட்டியிருந்தால் எந்தப் பெண்ணும் முதலில் கேட்பது, இது யாருடையது என்றுதான். அவளுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. செம்பழுப்பு நிறம், முழ நீளம், கயிறு மாதிரி முரடு. லாயத்தின் கடைசித் தடுப்பில் நிற்கிற பெண்குதிரையின் பிடரி மயிர். தெரிந்திருந்தும் வயிறு எரிந்தது. ஒரு பெண்ணின் முடியாக இருந்தால் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். குதிரை முடிக்கு எந்த வாசலில் போய் நிற்பது?

அவளுக்கு வேலை ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில். தரைக்குக் கீழே, ஜன்னலில்லாத அறை. ஈர விரிப்பை உருளை இயந்திரத்துக்குள் கொடுத்தால் அந்தப் பக்கம் சூடாகவும் சுருக்கமில்லாமலும் வரும். இருவர் எதிரெதிரே நின்று முனையோடு முனை சேர்த்து மடிக்க வேண்டும். விரிப்பில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தப்பினால் மேற்பார்வையாளர் வாய்க்கு அவள் தப்ப முடியாது.

எதிரே நின்று மடிப்பவள் அவளைவிட இளையவள். வாய் மட்டும் மூத்தது.

"என்னக்கா, முகம் இன்னைக்கு இஸ்திரி போடாத துணி மாதிரி இருக்கு?"

"சக்களத்திக்கு வயித்துவலியாம். அங்கேயே இருந்துட்டு, விடிஞ்சப்புறம்தான் வந்தாரு."

"உனக்கு வயித்துவலி வந்தப்ப?"

"ஓமத்தண்ணி குடின்னு சொல்லிட்டுத் தூங்கினாரு."

"விடுக்கா. ரெண்டு கால் சக்களத்தின்னா துரத்திப் பிடிக்கலாம். நாலு கால்காரிய யாரால பிடிக்க முடியும்?"

கணவனைக் குதிரையிடம் பறிகொடுத்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அவன் குதிரைக்காரன், அது அவன் பிழைப்பு. பொறுக்க முடியாதது நாய் விஷயம்.

நாயின் பெயர் கரிக்கட்டை. விடுதியின் கொதிகலன் அறைக்குப் பின்னால், சாம்பல் குவியலுக்குள் கண் திறக்காமல் கிடந்த குட்டி. கழித்துப்போட்ட துண்டில் சுற்றி, மேற்பார்வையாளர் பார்க்காமல் மடியில் கட்டி அவள்தான் எடுத்துவந்தாள். வளர்ந்தபின் தினமும் மாலையில் அவள் பேருந்து வரும் நேரத்துக்கு அது நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். நாளெல்லாம் யார் யாரோ படுத்த விரிப்புகளை மடித்துவிட்டு வருகிறவளுக்கு, தனக்காக ஓர் உயிர் காத்திருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

அந்த லாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. தனியாக நிற்கப் பயப்படும் குதிரைக்கு ஒரு ஜோடி வைப்பார்கள். ஆடோ கோழியோ, எது ஒத்துப்போகிறதோ அது. இந்தப் பெண்குதிரை ஆட்டை உதைத்தது. கோழியைத் தடுப்புக்கு வெளியே விரட்டியது. ஒருநாள் கரிக்கட்டை கணவன் பின்னாலேயே ஓடிப்போய், யாரையும் கேட்காமல் அதன் வைக்கோலில் படுத்துவிட்டது. குதிரை அதைத் தலையிலிருந்து வால்வரை மோந்து பார்த்தது. பிறகு பெருமூச்சு விட்டு, நின்றபடியே தூங்கியது. அன்று முதல் நாய்க்கு அதுவே வீடு. காலையில் கணவனோடு போனால் பொழுது சாய்ந்து அவனோடுதான் திரும்பும். நிறுத்தத்தில் இப்போது அவளுக்காகக் காத்திருப்பது ஒரு குப்பைத்தொட்டி மட்டுமே.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம என் நாய்க்குச் சம்பந்தம் பேசி முடிச்சிட்டீங்க" என்றாள் கணவனிடம்.

"நான் எங்க பேசினேன்? அதுங்களே முடிவு பண்ணிக்கிச்சு."

"அப்ப ஓடிப்போன கல்யாணம்னு சொல்லுங்க."

இப்படி இருக்கும்போதுதான் குதிரைக் கண்காட்சி வந்தது. வருடத்துக்கு ஒருமுறை நகரத்து மைதானத்தில் நடப்பது. ஊரே திரளும். கூடாரங்கள், வாத்தியக் குழு, மூலைக்கு மூலை ஒலிபெருக்கி. லாயத்து முதலாளி அந்தப் பெண்குதிரையை இந்த முறை அரங்கில் நிறுத்தியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டார். கூட்டத்தைக் கண்டால் அது மிரளும் என்று எல்லோருக்கும் தெரியும். லாயத்தின் மேலாளர் வழி கண்டுபிடித்து அவள் கணவனிடம் சொன்னார். "அந்தக் கறுப்பு நாயைக் கூட்டிட்டு வா. ராசியான நாய். அது வந்தப்புறம்தான் குதிரை தேறிச்சு."

ராசி என்ற சொல்லில் இருக்கிற வசதி வேறெந்தச் சொல்லிலும் இல்லை. காரியம் கூடினால் ராசி; கெட்டால் வேலைக்காரன் சரியில்லை. நாய் பக்கத்தில் படுத்ததால் ஒரு விலங்கின் பயம் தணிந்தது என்பதைப் புரிந்துகொள்ள மூளை வேண்டும், ராசி என்று சொல்ல நாக்கு போதும். மேலாளர் நாக்கை நம்பி வாழ்பவர். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிப்போனார்: குதிரை அரங்கில் கலாட்டா செய்தால் குதிரைக்காரன் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். கோப்பை கிடைத்தால் முதலாளியின் கண்ணாடி அலமாரிக்கு. உதை கிடைத்தால் குதிரைக்காரனின் விலாவுக்கு. இதுதான் அங்கே பங்கீடு.

கணவன் இதை வீட்டில் சாப்பிடும்போது சொன்னான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"குதிரையைப் பிடிக்க எனக்கு ரெண்டு கையும் வேணும். நாயை நீதான் பிடிச்சுக்கணும். கூட்டத்துல அது உன் பேச்சைத்தான் கேக்கும்."

"ஓ, இப்ப அது என் நாயா?"

"எப்பவும் உன் நாய்தான்."

"சாயங்காலம் நிறுத்தத்துல அப்படித் தெரியலையே."

பிறகு அவள் அடுக்கினாள். நாய் அவ்வளவு ஜனத்தைப் பார்த்ததில்லை. பழகாத குதிரைகள் வரும். எது எப்போது உதைக்கும் என்று யார் கண்டது? ஒரு குழந்தை வாலை மிதித்து, அது திரும்பிக் கவ்விவிட்டால் யார் பதில் சொல்வது? மிரண்டு ஓடி ஒரு குளம்புக்கு அடியில் சிக்கினால், ராசி என்று சொன்ன மேலாளரா வந்து அள்ளுவார்?

ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் சொல்லும்போதே தன் குரலில் ஓர் இனிப்பு ஏறுவது அவள் காதிலேயே விழுந்தது. உனக்குத் தேவைப்படும்போது என் நாய் வராதடி, அங்கே தனியாக நின்று நடுங்கு என்று அடிவயிற்றில் ஒருத்தி கும்மி அடித்துக்கொண்டிருந்தாள்.

கணவனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "சந்தைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாப்போம். பயந்தா வேணாம். பயப்படலைன்னா வரணும். சரியா?"

சரி என்றாள்.

விடுமுறை நாளில் சந்தை பிதுங்கியது. கரிக்கட்டை வாரில் கட்டுப்பட்டு, மாப்பிள்ளை மாதிரி நடந்தது. காய்கறிக்காரர்களின் கூவலுக்கு அசையவில்லை. ஒரு சிறுமி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டபோதும் வாலை ஆட்டியது. கணவன் முகம் மலர மலர அவள் முகம் சுருங்கியது. அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். நேரே போக வேண்டிய இடத்தில் இடதுபக்கம் திரும்பினாள். அங்கே பாட்டுப்பெட்டி விற்கிற கடை ஒன்று, ஆளுயர ஒலிபெருக்கிகளை வாசலில் நிறுத்திச் சுவர் அதிர அலறவிட்டுக்கொண்டிருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். கணவனுக்குத் தெரியாது.

நாய் நின்றது. வால் வயிற்றுக்குள் போனது. அடுத்த கணம் பின்பக்கமாக இழுத்து, கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடியது. கடைசியில் ஒரு வண்டிக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். உடம்பெல்லாம் நடுக்கம். அவள் மண்ணில் உட்கார்ந்து அதை இழுத்து மார்போடு அணைத்தாள். அதன் நெஞ்சு தன் கைக்குள் படபடப்பதைப் பிடித்துக்கொண்டே, தான் ஜெயித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்த வேகத்தில் முகம் சுட்டது.

"சரி, வேணாம்" என்றான் கணவன். கழன்று விழுந்த கழுத்துப்பட்டையை எடுத்து மண்ணைத் தட்டினான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் விரிப்பை மடிக்கும்போது எதிரே நிற்பவளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"கள்ள வியாபாரி மாதிரி நான் தராசுல கட்டைவிரலை வச்சிட்டேன்."

"வச்சேல்ல. அங்க மைதானத்துல ஒலிபெருக்கி இருக்குமா, இருக்காதா?"

"இருக்கும்."

"அப்ப நீ விரலை வச்சாலும் எடை சரிதானக்கா."

அதை அவள் நாளெல்லாம் புரட்டிப் பார்த்தாள். இந்தச் சக்களத்தி இல்லாமல் வேறொரு கிழட்டுக் குதிரையாக இருந்திருந்தால் நாயை அனுப்பியிருப்பாளா? மாட்டாள். அவள் சந்தோஷப்பட்டாள் என்பதற்காக ஒலிபெருக்கியின் சத்தம் குறைந்துவிடாது. வருத்தப்பட்டால் குளம்பு மெத்தென்று ஆகிவிடாது. எரிகிற வயிறு சொன்னாலும் நெருப்பு சுடும் என்பது உண்மைதான். ஆக, நாய் போகாது. ஆனால் அவன் மட்டும் தனியாக அந்த மேலாளர் முன்னால் நிற்பதா? அதைவிட, அத்தனை பேர் பார்க்க அவனும் அந்தச் சக்களத்தியும் ஜோடியாக அரங்கைச் சுற்றிவருவதை, தான் பார்க்காமல் வீட்டில் இருப்பதா?

"நான் வரேன்" என்றாள் அன்று மாலை.

"நாயில்லாம நீ எதுக்கு?"

"அவ கூட நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாக்கணும்."

கண்காட்சி அன்று காலை கணவன் முன்னதாகவே கிளம்பிவிட்டான். தன்னை விட்டுப்போகிறார்கள் என்று நாய்க்குப் புரிந்துவிட்டது. அவள் மேல் ஏறி, கழுத்திலும் தோளிலும் முகத்தைத் தேய்த்து, முனகித் தீர்த்தது. புதிதாகக் கட்டிய புடவையோடு அவள் தரையில் உட்கார்ந்து அதை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். பிறகு பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள்.

மைதானத்தில் முன்வாசல் கண்காட்சிச் சங்கத்து உறுப்பினர்களுக்கு. வேலைக்காரர்களின் குடும்பத்துக்குப் பின்வாசல், சாக்கடை ஓரமாக. உள்ளே போனபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெண்குதிரை நின்ற இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. கணவன் கடிவாளத்தில் தொங்கினான் என்றே சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்ததும் அது முன்னங்காலைத் தூக்கியது.

மேலாளர் சற்று எட்டத்தில், கால்சட்டை அழுக்காகாத தூரத்தில் நின்றார். "நாயைக் கொண்டுவான்னு சொன்னேனா இல்லையா? பொண்டாட்டி பேச்சைக் கேட்டா இப்படித்தான். ஏதாவது ஆகட்டும், நாளைக்கு நீ வர வேணாம்."

அவள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே குனிந்தாள்.

"யாரும்மா நீ?"

"அந்தப் பொண்டாட்டி."

மேலாளரைத் தாண்டிக் கணவனிடம்தான் போனாள். என்ன செய்யப் போகிறோம் என்று ஒன்றும் தெரியாது. அவன் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவள் போய்ச் சேர்வதற்குள் குதிரையின் காதுகள் அவள் பக்கம் திரும்பிவிட்டன. அந்தப் பெரிய தலை இறங்கி வந்தது. அவள் அசையாமல் நின்றாள். மூக்கு அவள் கைகளை மோந்தது, மடியை மோந்தது, பிறகு தோளில், காலையில் நாய் முகம் தேய்த்த அதே இடத்தில் அழுந்திப் புதைந்தது. வெந்நீர் ஆவி மாதிரி மூச்சு கழுத்தில் பட்டது. குதிரையின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதை அவள் தோள் உணர்ந்தது. இத்தனை பெரிய உடம்பு ஒரு சின்ன நாயைத் தேடி இப்படி நடுங்குமா? பாவமாக இருந்தது. பாவப்பட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அரங்கைச் சுற்றி மூவரும் நடந்தார்கள். ஒருபக்கம் அவன், மறுபக்கம் அவள், நடுவில் அவள் தோளைவிட்டு மூக்கை எடுக்காத குதிரை. கோப்பை வேறு யாருக்கோ போனது. கலாட்டா இல்லை என்பதால் மேலாளர் வாயைத் திறக்கவில்லை. நன்றி சொல்லவும் திறக்கவில்லை.

லாய வண்டியில் குதிரையை ஏற்றியபின் கணவன் சேணத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "என்கிட்டகூட அது இப்படி நின்னதில்ல."

அந்தக் குரலில் இருந்த புளிப்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்த புளிப்பு. நாய் வாசனை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பொம்பளைக்குப் பொம்பளை புரியும்" என்றாள்.

அந்த இன்பம் வீடு வரைதான் நிலைத்தது. தையல்காரம்மா கதவைத் திறந்ததும் கரிக்கட்டை பாய்ந்து வந்தது. அவள் குனிந்து கை நீட்டினாள். அது கையைத் தாண்டி நேரே தோளுக்கு ஏறியது. குதிரையின் எச்சில் காய்ந்திருந்த இடத்தில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, வாலைச் சுழற்றியது. காலையிலிருந்து தான் இருவருக்கும் நடுவே தபால்காரியாக நடந்திருப்பது அவளுக்கு விளங்கியது.

போய்த் தலை முழுகினாள். புடவையை ஊறப்போட்டாள். திரும்பிவந்து உட்கார்ந்தபோது நாய் மோந்து பார்த்தது. சோப்பு வாசனையைத் தவிர ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் யோசித்தது மாதிரி நின்றது. பிறகு அவள் பாதத்தின் மேல் மோவாயை வைத்துப் படுத்தது. அவள் அசையவே இல்லை. கால் மரத்துப்போனது.

அந்த நேரத்தில் கணவன் உள்ளே வந்தான். சட்டையெல்லாம் குதிரை. நாய் தலையைத் தூக்கி எழுந்து அவனிடம் போனது.

"நாளைக்கு இதை லாயத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள், மரத்த காலைத் தேய்த்துக்கொண்டே. "அவளுக்கும் துணை வேணும், ஒத்துக்கறேன். ஆனா சாயங்காலம் என் பஸ் வர்ற நேரத்துக்கு அது நிறுத்தத்துல இருக்கணும். அவளுக்குப் பகல், எனக்குச் சாயங்காலம்."

"நிறுத்தத்துக்கு நான் வந்து நிக்கக்கூடாதா?"

"நீங்க வந்தா அவளையும் சட்டையில கூட்டிட்டுத்தான வருவீங்க."

கணவன் தன் சட்டையை ஒருமுறை மோந்து பார்த்தான். கொடியில் கிடந்த துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.