ஜூன் ஒன்றில் பிறந்த ஏழு பேர்

எங்கள் அலுவலகத்தில் ஏழு பேர் ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்கள். பணிப்பதிவேடுகள் அப்படித்தான் சொல்கின்றன. இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிதில் இதை நான் பெரிய தவறென்று எண்ணி, ஏழு பதிவேடுகளையும் மேசையில் அடுக்கி வரிவரியாகச் சரிபார்த்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த தட்டச்சர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏங்க, அம்புட்டுப் பேரும் ஒரே ஆஸ்பத்திரியில பொறந்தாகன்னு நெனச்சீகளா?"

அவரும் ஏழு பேரில் ஒருவர்.

காரணம் எளியது. அவர்கள் பிறந்த காலத்தில் பல கிராமங்களில் பிறப்புச் சான்று வாங்கும் வழக்கம் இல்லை. பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பள்ளி திறக்கும் நாளில் ஐந்து நிறைந்திருக்க வேண்டும் என்பதால், பிறந்த தேதி ஜூன் ஒன்று. எங்கள் அலுவலகத்து ஏழு பேரும் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆசிரியர்களிடம் காதைத் தொட்டவர்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் அலுவலகத்தில் ஒரு கேக் வெட்டப்படும். ஏழு பெயர்களுக்கு இடம் போதாததால் அதன்மேல் எதுவும் எழுதுவதில்லை.

ஏழு பேரில் மூத்தவர் அலுவலக உதவியாளர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இங்கும் அண்ணன் என்றே எழுதுகிறேன். சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதற்கான தாள்களை நான்தான் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்," என்றார் அண்ணன் ஒருநாள். "கொண்டாட்டத்துல ஏழு பேரோட வரிசையில நின்னு நின்னு அலுத்துப்போச்சு. போறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் எனக்குன்னு ஒரு நாளு வேணும். எனக்கு ஞானஸ்நானம் குடுத்த மாதா கோயில்ல நெசமான தேதிய எழுதி வச்சிருப்பாகளாம். அங்க போயி என்னன்னு கேக்குறதுக்கு எனக்குத்தான் கூச்சமா இருக்கு."

பொங்கல் விடுமுறையில் என் ஸ்கூட்டரில் இருவரும் திருமங்கலம் தாண்டி அந்தக் கோயிலுக்குப் போனோம். பங்குத்தந்தை தடித்த பதிவேடு ஒன்றை எடுத்து, லத்தீனில் இருந்த வரியை விரலால் தொட்டு வாசித்தார். பிறந்தது ஜனவரி முப்பது. ஆண்டு, பள்ளியில் எழுதிய அதே ஆண்டு. கேட்டுக்கொண்டதன் பேரில் முத்திரையிட்ட நகல் ஒன்றையும் கொடுத்தார்.

அண்ணன் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். வெகுநேரம் சிரித்தார்.

"காந்தி இறந்த நாளு, தியாகிகள் தினம் மேடம் அது! முப்பத்திரண்டு வருசமா அன்னைக்கிப் பதினோரு மணிக்கு நாந்தான் மணியடிக்கிறேன். என் பொறந்தநாளுக்கு நானே மணியடிச்சு, ஆபீசரு உட்பட அம்புட்டுப் பேரையும் வாய மூட வச்சிருக்கேன்!"

நான் சிரிக்கவில்லை. உண்மையான தேதியின்படி அவர் அந்த ஜனவரியோடு ஓய்வு பெற வேண்டியவர். பதிவேட்டின்படி மே வரை இருப்பார். இடைப்பட்ட நான்கு மாதங்கள் யாருடையவை என்று யாரேனும் கேட்டால், அவர் ஓய்வூதியம் நின்றுபோகலாம். தேதியைத் திருத்தக் கோரும் காலமோ அவர் வேலைக்குச் சேர்ந்த ஐந்து ஆண்டுகளிலேயே முடிந்திருந்தது. இத்தனைக்கும் ஆதாரமான தாள் என் கைப்பையில் இருந்தது. ஒருவருக்குப் பிறந்தநாளைத் தேடிக் கொடுக்கப் போய், அவர் பிற்காலச் சோற்றில் கை வைத்துவிட்டேனோ என்ற அச்சம் வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

மறு வேலைநாளில் நகலைக் கண்காணிப்பாளர் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"இத யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலம்மா."

"கேக்காத கேள்விக்கு நீ ஏம்மா பதில் எழுதுற? அவரு வீட்டு பீரோவுல இருக்கட்டும். நம்ம பீரோவுக்குள்ள வரக் கூடாது. வாழ்த்துச் சொல்லணும்னா வாயால சொல்லு."

இது சரிதானா என்று இரண்டு நாள் யோசித்தேன். தலைமையாசிரியர் ஊகித்து எழுதிய தேதி பொய்யென்றால், அதை நம்பிச் சம்பளம் கொடுத்த அரசும், கேக் தின்ற நானும் அந்தப் பொய்யில் பங்காளிகள். அண்ணன் ஒருவரை மட்டும் அதற்குப் பொறுப்பாக்குவது நியாயமாகப் படவில்லை.

ஜனவரி முப்பதில் எங்களுக்கு வேலை அதிகம். பதினொரு மணிக்கு மௌனம், பிறகு தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி, அதற்கும் பிறகு தொழுநோய் விழிப்புணர்வு உறுதிமொழி. கேக்குக்கு இடமே இல்லை. அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார்.

"எல்லாரும் எந்திரிச்சு நிப்பாகல்ல மேடம். அது போதும்."

மணியடித்தார். எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். நானும் தலைகுனிந்துதான் நின்றேன், ஆனால் ஓரக்கண்ணால் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுச் சட்டை போட்டிருந்தார். இரண்டு நிமிடமும் நிமிர்ந்து நின்ற ஒரே ஆள் அவர்தான்.

உறுதிமொழிகள் முடிந்ததும் நகல் இருந்த உறையை அவரிடம் கொடுத்து, வாழ்த்துச் சொன்னேன். அதைத் தட்டச்சர் கேட்டுவிட்டார்.

"என்ன மாப்ள, எங்களையெல்லாம் விட்டுட்டுத் தனிக்குடித்தனம் போயிட்டீக போல?"

"ஆமாய்யா," என்றார் அண்ணன். "நீங்க ஆறு பேரும் நெரிசல் இல்லாம இருங்க."

உறுதிமொழி எடுத்துக்கொண்டதற்கு மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் எல்லோரும் ஒப்பமிட வேண்டும். அதில் வரிசை எண், பெயர், பதவி, ஒப்பம் என்று நான்கே கட்டங்கள். கடைசி வரி அண்ணனுடையது. அவர் ஒப்பமிட்டார். பேனாவை மூடவில்லை. பிறகு ஒப்பத்தின் அடியில், கோட்டைத் தாண்டி, அன்றைய தேதியை நிறுத்தி நிதானமாக எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போட்டார்.

தேதி எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. புதுப் படிவம் எடுத்து எல்லோரிடமும் மறுபடி ஒப்பம் வாங்குவதா என்று யோசித்தேன். அதில் எழுதியிருந்தது எதுவும் தவறில்லை என்பதால் அப்படியே அனுப்பினேன். மேலிடத்திலிருந்து இன்றுவரை விளக்கம் ஏதும் கேட்கவில்லை.